மூவராகப் பிரிந்த குவாரிஸ்மீ: கணினி அச்சுக்கோப்பில் நூற்பட்டியலின் வரலாறு

நம்மிடம் ஓதித் தேறிய மாணவர் ஒருவர் பின்னர் பல்கலைக்கழகத்தில் அறபு வானியல் வரலாற்றை ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்டார். தம் ஆங்கில ஆய்வேட்டின் படியைச் சில ஆண்டுகளுக்கு முன் நம்மிடம் பார்வைக்குத் தந்தார். கணித வாய்பாடுகள் மிகுந்த ஆய்வேடு அது. ஆதலின் ‘லாடெக்’ என்னும் கணினி அச்சுக்கோப்பு முறையில் அதனை அமைத்திருந்தார். பக்கங்கள் கண்ணுக்கு இனிமையாக இருந்தன; வாய்பாடுகள் சீராக நின்றன. ஆயினும் இறுதியில் இருந்த நூற்பட்டியலைப் புரட்டியபோது நாம் திகைத்தோம்.

கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த முஹம்மத் இப்னு மூஸா அல்-குவாரிஸ்மீ அப்பட்டியலில் மூன்று இடங்களில் இருந்தார். ஆங்கில அகரவரிசையில் ‘அல்’ என்பதற்குரிய ‘ஏ’ எழுத்தின் கீழ் ஒருமுறை, ‘இப்னு’வுக்குரிய ‘ஐ’ எழுத்தின் கீழ் ஒருமுறை, ‘கே’ எழுத்தின் கீழ் மீண்டும் ஒருமுறை. துறை அறியாத ஒருவர் இதனைப் படித்தால் மூன்று அறிஞர்கள் இருந்தனர் என்றே கருதுவார். கணினி நிரலின் அடிப்படையான செய்முறையைக் குறிக்க மேலை மொழிகளில் வழங்கும் ‘அல்கோரிதம்’ என்னும் சொல் இவருடைய ‘குவாரிஸ்மீ’ என்னும் நிஸ்பாவின் திரிபே என்பதை நாம் அறிவோம். அவர் பெயரால் அமைந்த செய்முறைகளைக் கொண்டு இயங்கும் எந்திரமே அவர் பெயரை எங்கே வைப்பதென்று அறியாமல் தடுமாறியது.

இது மாணவரின் கவனக்குறைவு மட்டும்தானா, அன்றி அவர் கையாண்ட கருவியின் இயல்பிலேயே ஏதேனும் குறை உண்டா? இவ்வினாவுக்கு விடை தேடப் புகுந்தபோது, மேற்கோள் சுட்டும் முறையைக் கணினிக்குக் கற்பித்தவர்களின் வரலாறு நம் முன் விரிந்தது. அவ்வரலாற்றில் அறபு மொழிக்கும் ஓர் இடம் உண்டென்பதையும் கண்டோம். அதனைச் சுருங்கக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் முன்னோர் கண்ட வரிசைகள்

சொன்னவர் யார், அவருக்குச் சொன்னவர் யார் என்று கேட்பது நம் கல்வி மரபின் முதற்பாடம். இமாம் முஸ்லிம் (ரஹ்) தம் ஸஹீஹின் முன்னுரையிலேயே அறிவிப்பாளர் தொடரின் இன்றியமையாமையை விரித்துரைத்தார்கள். சான்று காட்டுவது நமக்கு நாகரிகம் மட்டுமன்று, அமானிதம்.

நூல்களைப் பட்டியலிடுவதிலும் நம் மரபு பழையது. பக்தாதின் புத்தக வணிகர் இப்னுந் நதீம் ஹி. 377 (கி.பி. 987) அளவில் தம் ‘அல்-ஃபிஹ்ரிஸ்த்’தைப் பத்துப் பிரிவுகளாக, துறைவாரியாகத் தொகுத்தார். ஹாஜி கலீஃபா (இறப்பு ஹி. 1067 / கி.பி. 1657) தம் ‘கஷ்ஃபுழ் ழுனூ’னில் நூற்பெயரின் அகரவரிசையைக் கொண்டார்.

மனிதர்களை வரிசைப்படுத்துவதிலும் ஒரே வழி இருந்ததில்லை. ஸம்ஆனீ (இறப்பு ஹி. 562 / கி.பி. 1166) தம் ‘அல்-அன்ஸா’பை ஊரும் குலமும் தொழிலும் குறிக்கும் நிஸ்பாக்களின் வரிசையில் அமைத்தார். இப்னு கல்லிகான் (இறப்பு ஹி. 681 / கி.பி. 1282) தம் ‘வஃபயாதுல் அஃயா’னில் இயற்பெயர் வரிசையைக் கைக்கொண்டார். இமாம் கஸ்ஸாலீ (ரஹ்) அவர்களை அந்நூலில் தேடுபவர் ‘முஹம்மத்’ என்னும் பெயரின் கீழ்த்தான் தேட வேண்டும். ஆக, அறபுப் பெயரை வரிசைப்படுத்தச் சரியான வழி ஒன்றே என்று யாரும் கூற முடியாது. தாம் கொண்ட வழியை இறுதிவரை மாறாமல் பேணியதே அவர்களின் சிறப்பு.

மேற்கோளைக் குறியீட்டால் சுருக்குவதும் நாம் அறிந்ததே. இமாம் ஸுயூத்தீ (ரஹ்) (இறப்பு ஹி. 911 / கி.பி. 1505) தம் ‘அல்-ஜாமிஉஸ் ஸகீ’ரில் ஒவ்வொரு நபிமொழிக்குப் பின்னும் மூலநூலின் பெயரை முழுமையாக எழுதவில்லை. புகாரீக்கு ‘கா’, முஸ்லிமுக்கு ‘மீம்’, இருவரும் ஒருங்கே பதிந்திருப்பின் ‘காஃப்’, அபூதாவூதுக்கு ‘தால்’, திர்மிதீக்கு ‘தா’, நஸயீக்கு ‘நூன்’ என்று ஓரெழுத்துக் குறிகளை அமைத்து, அவற்றின் விளக்கத்தை முன்னுரையில் தந்தார்கள். ஆயினும் குறி சுருங்கச் சுருங்கப் பிழையும் எளிதில் நுழையும். அந்நூலுக்கு விரிவுரை கண்ட முனாவீ (இறப்பு ஹி. 1031), நபிமொழிகளின் தரத்தைக் காட்ட இடப்பட்ட குறிகள் படியெடுப்போர் கையில் திரிபடைந்தமையால் அவற்றை முழுமையாக நம்பவியலாது என்று எச்சரித்தார்.

வரிசை, குறி, திரிபு ஆகிய இம்மூன்றையும் நினைவிற்கொண்டு கணினி யுகத்திற்கு வருவோம்.

உள்ளடக்கம் வேறு, ஒப்பனை வேறு

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் டொனால்டு கனூத், தாம் எழுதிவந்த கணினி நிரலாக்கப் பெருநூலின் இரண்டாம் தொகுதி மறுபதிப்புக்கான அச்சுப்படியை 1977ஆம் ஆண்டளவில் கண்டார். ஈய எழுத்துகளால் கோக்கப்பட்ட முதற்பதிப்பின் அழகு, புதிய ஒளியச்சு முறையில் மறைந்துபோயிருந்தது. மனம் பொறாத அவர் தாமே ஓர் அச்சுக்கோப்பு நிரலை எழுதத் தொடங்கினார். அதுவே ‘டெக்’. அப்பெயரின் இறுதி எழுத்து கிரேக்க எழுத்தாகும்; தொண்டையில் உரசி எழும் அதன் ஒலி அறபியின் ‘கா’ எழுத்தொலிக்கு அணுக்கமானது. ஆதலின் அப்பெயரைச் சரியாக ஒலிக்க அறபுக் கல்லூரி மாணவருக்குத் தனிப்பயிற்சி தேவையில்லை.

டெக்கின் மீது, எளிதாகக் கையாளத்தக்க கட்டளைகளை அமைத்து, லெஸ்லி லாம்போர்ட் 1980களின் நடுவில் ‘லாடெக்’கை உருவாக்கினார். எழுதுபவர் ‘இது தலைப்பு’, ‘இது அடிக்குறிப்பு’ என்று மட்டும் சொன்னாற்போதும். அது எவ்வளவு பெரிய எழுத்தில், எவ்விடத்தில் வர வேண்டும் என்பதை வேறொரு கோப்பு தீர்மானிக்கும். உள்ளடக்கத்தையும் ஒப்பனையையும் பிரிக்கும் இக்கருத்துக்கு முன்னோடி பிரையன் ரீட். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1980இல் முனைவர் பட்டத்திற்காக அவர் அளித்த ஆய்வு ‘ஸ்கிரைப்’ என்னும் முறையைப் பற்றியது. நூல் விவரங்களைத் தனியே சேமித்துவைத்து, வேண்டியபோது வேண்டிய வடிவில் அச்சிடும் வழி அதில் இருந்தது.

அவ்வழியை லாடெக்குக்குக் கொண்டுவந்தவர் ஓரென் படாஷ்னிக். லாம்போர்ட்டின் தூண்டுதலால் அவர் 1985இல் உருவாக்கிய நிரல் ‘பிப்டெக்’. அதன் இயக்கம் எளியது. ஆய்வாளர் தம் நூல்களையெல்லாம் ஒரு கோப்பில் பதிந்துவைக்கிறார். ஒவ்வொரு நூலுக்கும் ஓர் அடையாளச்சொல். அதன் கீழ் ஆசிரியர், தலைப்பு, பதிப்பகம், ஆண்டு என்று தனித்தனிப் புலங்கள். கட்டுரையில் மேற்கோள் காட்டுமிடத்தில் அவ்வடையாளச்சொல்லை மட்டும் இடுகிறார். லாடெக் முதலில் ஓடும்போது, எந்தெந்த அடையாளச்சொற்கள் வந்துள்ளன என்பதைத் துணைக்கோப்பொன்றில் குறித்துவைக்கிறது. பிப்டெக் அதனைப் படித்து, சுட்டப்பட்ட நூல்களை மட்டும் எடுத்து, வரிசைப்படுத்தி, பட்டியலாக்கித் தருகிறது. லாடெக் மீண்டும் இருமுறை ஓடிப் பட்டியலையும் சுட்டுகளையும் பொருத்துகிறது.

இதன் பயன் சிறிதன்று. கட்டுரையில் சுட்டப்படாத நூல் பட்டியலில் தானாக நுழையாது. சுட்டப்பட்ட நூல் தொகுப்பில் இல்லையெனில் நிரல் எச்சரிக்கும். படித்திராத நூல்களைப் பட்டியலில் அடுக்கிக் காட்டும் பழக்கத்துக்கு இம்முறை இயல்பாக இடம் கொடுப்பதில்லை. அங்ஙனம் சேர்க்க விரும்புபவர் அதற்கெனத் தனிக்கட்டளை இட வேண்டும். அதாவது தாம் செய்வதை அறிந்தே செய்ய வேண்டும்.

நான்கு பாணிகளும் ஒரு கடினமொழியும்

பிப்டெக்குடன் நான்கு பாணிகள் வந்தன. ஒன்று, ஆசிரியர் பெயரால் வரிசைப்படுத்தி எண்ணிடுவது. இரண்டாவது, கட்டுரையில் சுட்டப்பட்ட முறையிலேயே எண்ணிடுவது. மூன்றாவது, ஆசிரியரின் முற்பெயரை முதலெழுத்தாகச் சுருக்குவது. நான்காவது, குடும்பப் பெயரின் முதல் மூன்று எழுத்துகளையும் ஆண்டின் இறுதி இரண்டு இலக்கங்களையும் சேர்த்துக் குறி அமைப்பது. ஸுயூத்தீ இமாமின் ஓரெழுத்துக் குறிகளை ஓதியவர்களுக்கு இந்நான்காவது பாணி புதுமையாகத் தோன்றாது.

இந்நான்கும் போதாதவர் என்செய்வது? ஒவ்வோர் ஆய்விதழுக்கும், ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் தனி விதி உண்டு. ஒன்று ஆண்டை ஆசிரியர் பெயரையடுத்துக் கேட்கும். மற்றொன்று இறுதியில் கேட்கும். இதற்கென படாஷ்னிக் ஒரு நிரல்மொழியையே வகுத்தார். பத்துக் கட்டளைகளும் 37 உள்ளமைந்த செயல்களும் கொண்ட சிறுமொழி அது. அதில் பொருள்களை முதலில் அடுக்கி, செயலை இறுதியில் கூற வேண்டும். ‘இரண்டு, மூன்று, கூட்டு’ என்பது போல. வினைமுற்று இறுதியில் வரும் மொழியைப் பேசும் நமக்கு இது அந்நியமாகத் தோன்றாதிருக்கலாம். எனினும் நீண்ட நிரலில் எது எதன் மேல் அடுக்கப்பட்டது என்பதை நினைவில் வைப்பது கணினி வல்லுநருக்கே கடினம். ஒரு காற்புள்ளியை முற்றுப்புள்ளியாக மாற்ற விரும்பிய வரலாற்று மாணவர் மலைத்து நின்றதில் வியப்பில்லை.

இம்மலைப்பைத் தணித்தவர் ஜெர்மனியில் பணியாற்றிய பாட்ரிக் டேலி. 1990களில் அவர் இரு கருவிகளை அளித்தார். ஒன்று வினா-விடை முறையில் இயங்குவது. ‘பெயர் எவ்வாறு வர வேண்டும்? ஆண்டு எங்கே வர வேண்டும்? தலைப்பு சாய்ந்த எழுத்தில் வர வேண்டுமா?’ என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, விடைகளுக்கேற்பப் புதிய பாணிக்கோப்பை அதுவே எழுதித்தரும். மற்றொன்று ‘நாட்பிப்’ என்னும் தொகுப்பு. ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் கொண்டு சுட்டும் முறைக்கு அது வழிவகுத்தது. ஆசிரியர் பெயர் வாக்கியத்தின் உறுப்பாகவே வருமிடத்திற்கு ஒரு கட்டளை. சுட்டு முழுவதும் அடைப்புக்குறிக்குள் ஒதுங்கி வருமிடத்திற்கு மற்றொரு கட்டளை. இவ்வேறுபாட்டைக் கருவியே உணர்ந்தமை சமூகவியல், வரலாற்று ஆய்வாளர்களுக்கும் லாடெக்கின் வாயிலைத் திறந்தது.

பெயரின் சிக்கல்

நிற்க. நம் மாணவரின் பட்டியலுக்குத் திரும்புவோம்.

பிப்டெக் ஒரு பெயரை நான்கு கூறுகளாகப் பிரிக்கும்: முற்பெயர், இடைச்சொல், குடும்பப் பெயர், ‘இளையவர்’ போன்ற பின்னொட்டு. இடைச்சொல் என்பது ஜெர்மானியப் பெயர்களில் வரும் ‘ஃபோன்’ போன்றது. அதனை நிரல் எங்ஙனம் அறியும்? சிறிய எழுத்தில் தொடங்கும் சொல்லே இடைச்சொல் என்பது விதி. ஐரோப்பியப் பெயர்களுக்கு இவ்விதி பொருந்தும். ‘முஹம்மத் இப்னு மூஸா அல்-குவாரிஸ்மீ’ என்று ஆங்கில எழுத்தில், ‘இப்னு’வைச் சிறிய எழுத்தில் தொடங்கி எழுதினால், ‘முஹம்மத்’ முற்பெயர், ‘இப்னு’ இடைச்சொல், ‘மூஸா அல்-குவாரிஸ்மீ’ குடும்பப் பெயர் என்று நிரல் பிரித்துவிடும். இடைச்சொல்லையும் சேர்த்து வரிசைப்படுத்தி ‘ஐ’ எழுத்தின் கீழ் வைத்துவிடும். தந்தையின் பெயர் மகனின் குடும்பப் பெயராகிவிட்டது!

காற்புள்ளியிட்டு ‘அல்-குவாரிஸ்மீ, முஹம்மத் இப்னு மூஸா’ என்று பதிந்தால் பிரிப்பு சரியாகும். ஆனால் வரிசை ‘ஏ’ எழுத்துக்குப் போய்விடும். அறபு நூல்கள் நிறைந்த பட்டியலில் அறிஞர்களுள் பெரும்பாலோர் அவ்வோரெழுத்தின் கீழ் குவிந்துவிடுவர். ‘அல்’ என்னும் சுட்டிடைச்சொல்லைத் துறந்து எழுதினால் ‘கே’ எழுத்தில் வரும். நம் மாணவர் மூன்று நூலகங்களின் பட்டியல்களிலிருந்து மூன்று பதிவுகளை எடுத்துச் சேர்த்திருந்தார். மூன்றும் மூன்று முறையில் எழுதப்பட்டிருந்தன. நிரல் தன் விதியை மூன்றுக்கும் பிசகாமல் பின்பற்றியது. விளைவு, மூன்று குவாரிஸ்மீக்கள்.

இச்சிக்கல் அறபுப் பெயருக்கு மட்டும் உரியதன்று. தமிழ்நாட்டில் நாம் தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னே இட்டு நம் பெயரை எழுதுகிறோம். நமக்குக் குடும்பப் பெயர் ஏது? நிரலோ அதனைக் கட்டாயமாக எதிர்பார்க்கிறது. ‘முஹம்மத் யூசுஃப்’ என்னும் ஒரே பெயரை அது இரண்டாக வெட்டி ‘யூசுஃப், மு.’ என்று ஆக்கிவிடுகிறது. முழுப்பெயரையும் நெளிவு அடைப்புக்குறிக்குள் இட்டால் நிரல் அதனைப் பிரிக்காமல் விட்டுவிடும். இச்சிறு உபாயத்தை அறியாமையால் தம் பெயர் சிதைந்து அச்சேறக் கண்ட நம்மவர் பலர்.

வலமிருந்து இடமாக

அறபு எழுத்தை டெக் எவ்வாறு ஏற்றது என்பதையும் ஈண்டுக் கூற வேண்டும். 1987இல் கனூத்தும், வாஷிங்டன் பல்கலைக்கழகத்துச் செவ்வியல் மொழிப் பேராசிரியர் பியர் மக்கேயும் இணைந்து, இடமிருந்து வலமாகவும் வலமிருந்து இடமாகவும் செல்லும் எழுத்துகளை ஒரே பத்தியில் கலப்பது எப்படி என்று ஒரு கட்டுரை வெளியிட்டனர். அதற்கென விரிவாக்கப்பட்ட நிரலுக்கு, ‘டெக்’ என்பதன் எழுத்துகளையே வலமிருந்து திருப்பி எழுதிச் சேர்த்துப் பெயரிட்டனர். 1990களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் கிளாவுஸ் லகாலி ‘அறப்டெக்’கை அளித்தார். ஆங்கில எழுத்தில் ஒலிபெயர்த்து உள்ளிட்டால், அறபு எழுத்தில், உயிர்க்குறிகளுடனும் அது அச்சிட்டுத் தரும். 2004இல் ஜோனதன் கியூ வெளியிட்ட ‘ஸீடெக்’ யூனிகோடு எழுத்தை நேரடியாக ஏற்றது. அதன்பின் அறபியையும் தமிழையும் உள்ளபடியே உள்ளிட்டு அச்சிட இயன்றது.

ஸீடெக்கில் அறபியைக் கையாள்வதற்கென ஒரு தொகுப்பையும், பல மொழிகளுக்குப் பொதுவான ‘பாலிகிளாஸியா’ என்னும் தொகுப்பையும் உருவாக்கியவர் ஃபிரான்சுவா ஷாரெட். தொழில்முறையில் இவர் கணினி நிபுணர் அல்லர். இஸ்லாமிய உலகின் வானியற் கருவிகளை ஆய்ந்த வரலாற்றறிஞர். பதினான்காம் நூற்றாண்டில் எகிப்திலும் சிரியாவிலும் வழங்கிய கணிதக் கருவிகளைப் பற்றியும், நஜ்முத்தீன் அல்-மிஸ்ரீயின் படங்கள் நிறைந்த நூலைப் பற்றியும் அவர் எழுதிய ஆய்வு 2003இல் லைடன் நகர் பிரில் பதிப்பகத்தால் வெளியிடப்பட்டது. அறபுச் சுவடியின் இடுக்கண்களைத் தம் கையால் அனுபவித்தவர் கருவி செய்ய முன்வந்தமை பெரும் பேறு.

பிப்லாடெக்கும் பீபரும்

நூற்பட்டியலின் வரலாற்றில் பெருந்திருப்பம் 2006இல் நிகழ்ந்தது. ஃபிலிப் லேமன் என்பவர் ‘பிப்லாடெக்’ என்னும் தொகுப்பின் தொடக்கப் பதிப்புகளை வெளியிட்டார். 2010இல் அதன் 1.0 பதிப்பு வந்தது. படாஷ்னிக்கின் பிப்டெக்கோ 1988இல் 0.99 என்னும் எண்ணுடன் வெளியாகி, 2010இல் பெற்ற சிறு திருத்தம் நீங்கலாகப் பெரிதும் அவ்வாறே நிலைத்துவிட்டது.

லேமன் செய்த மாற்றம் இதுதான்: பட்டியலை ஒப்பனை செய்யும் பொறுப்பை அக்கடினமொழியிடமிருந்து எடுத்து, லாடெக்கிடமே ஒப்படைத்தார். இனி ஆசிரியர் பெயரின் அமைப்பை மாற்ற ஒரு வரி, தலைப்பைச் சாய்க்க ஒரு வரி, ஆண்டை இடம்மாற்ற ஒரு வரி, அவ்வளவே. ஆய்வேட்டை எழுதும் அதே மொழியில் பட்டியலையும் திருத்தலாம். வரிசைப்படுத்தும் வேலைக்கு மட்டும் புற நிரல் தேவைப்பட்டது. அதற்கென 2009இல் தோன்றியதே ‘பீபர்’. அதனைத் தொடங்கியவர் நாம் மேலே கூறிய ஷாரெட். உடன் உழைத்து வளர்த்தவர் ஃபிலிப் கைம். அது யூனிகோடு எழுத்துகளை முழுமையாக அறியும். மொழிக்கேற்ற அகரவரிசையைக் கைக்கொள்ளும்.

பீபரின் இயல்பான விதிகளில் இரண்டு நம் கவனத்துக்குரியவை. பெயர்களை வரிசைப்படுத்தும்போது, தொடக்கத்தில் ஈரெழுத்தும் ஓர் இணைப்புக்கோடும் வருமாயின் அவற்றைக் கணக்கில் கொள்ளாதே என்பது ஒன்று. ‘ஐன்’ எழுத்தைக் காட்ட ஆங்கில ஒலிபெயர்ப்பில் இடும் அரைவளையக் குறியையும் புறக்கணி என்பது மற்றொன்று. முதல் விதியால் ‘அல்-குவாரிஸ்மீ’ அச்சில் ‘அல்’ உடனேயே தோன்றுவார். ஆனால் ‘கே’ எழுத்தின் வரிசையில் நிற்பார். இரண்டாம் விதியால் ‘ஐன்’ கொண்டு தொடங்கும் பெயர்கள் வரிசை பிறழா. அறபுப் பெயரை அறிந்தோர் கை இந்நிரலில் பட்டிருப்பதை இவ்விதிகளே உணர்த்துகின்றன என்று நாம் கருதுகிறோம். ஆயினும் விதி ஈரெழுத்துக்கு மட்டுமே. ஆங்கிலத்தில் மூன்றெழுத்தால் எழுதப்படும் ‘அஷ்-ஷாஃபிஈ’யின் ‘அஷ்’ அதற்குள் அடங்காது. பயனர் தாமே அவ்விதியை நீட்டிக்கொள்ள வேண்டும். நீட்டிக்கொள்ள வழியும் உண்டு.

நம் துறைக்குப் பயன்படும் வேறு சில வசதிகளும் பிப்லாடெக்கில் உள்ளன. நூலுக்குக் குறுங்குறி ஒன்றை நாமே சூட்டி, குறிகளின் விளக்கப் பட்டியலை ஆய்வேட்டின் முன்பகுதியில் அச்சிடலாம். ‘அல்-ஜாமிஉஸ் ஸகீ’ரின் முன்னுரை செய்த வேலை இதுவே. மூலநூல்கள் ஒரு பட்டியல், பிற்கால ஆய்வுகள் ஒரு பட்டியல் என்று பிரித்தும் அச்சிடலாம். ஆசிரியர், பதிப்பாசிரியர், மொழிபெயர்ப்பாளர் ஆகியோருடன் விரிவுரையாளருக்கும் குறிப்புரையாளருக்கும் தனித்தனிப் புலங்கள் உள்ளன. மத்னும் ஷரஹும் ஹாஷியாவும் ஒரே பக்கத்தில் அச்சேறும் நம் கிதாபுகளுக்கு இது ஏற்றது. ஆனால் விரிவுரை தனிநூலாக நிற்குமாயின் அதன் ஆசிரியரை ஆசிரியராகவே பதிய வேண்டும் என்று அதன் கையேடு நுட்பமாக வேறுபடுத்துகிறது.

பழைய பிப்டெக்கில் பதினான்கு நூல்வகைகளே இருந்தன. கையெழுத்துச் சுவடிக்கென்று ஒரு வகை இல்லை. ‘வெளியிடப்படாதது’ என்னும் பொதுவகையிலேயே அதனை அடக்க வேண்டியிருந்தது. பிப்லாடெக்கின் பிற்காலப் பதிப்புகளில் புதிய வகைகளையும் புதிய புலங்களையும் பயனரே அறிவித்துக்கொள்ளலாம். சுவடிகளுக்கெனவே துணைத்தொகுப்பொன்றும் பிறரால் உருவாக்கப்பட்டுள்ளது. ஹிஜ்ரீ ஆண்டை நிரல் தானாக அறியாது. அதற்கெனப் புலமொன்றை அமைத்து, கிறித்தவ ஆண்டுக்கு முன்னே சாய்கோட்டுடன் அச்சிடச் செய்யலாம்.

2012ஆம் ஆண்டளவில் லேமன் இப்பணியிலிருந்து விலகினார். ஒருவரே கட்டிய மாளிகை அவரோடு சரிந்திருக்கக்கூடும். ஆனால் கைம் முதலியோர் அதனை ஏற்று வளர்த்தனர். பின்னர் மோரிட்ஸ் வெம்ஹாயர் இணைந்தார். தொகுப்பின் மூலமும் விளக்கமும் எவரும் படிக்கத்தக்க வகையில் திறந்திருந்தமையே இதனை இயல்வித்தது. ஆசிரியர் மறைந்தாலும் கல்வி மறையாதிருக்க, அவருடைய நூலை ஓதத் தெரிந்த மாணவர் வேண்டும் என்பது நம் மதரஸாக்களும் அறிந்த உண்மை.

எந்திரம் அறியாதது

இவ்வளவும் கூறிய பின் ஒன்றை மறவாமல் கூற வேண்டும். நிரல் வரிசைப்படுத்தும், குறியிடும், காற்புள்ளியைப் பிசகாமல் இடும். ஆனால் சுட்டப்பட்ட பக்கத்தில் அச்செய்தி உண்மையில் உள்ளதா என்பதை அது அறியாது. கையால் எழுதிய பட்டியலில் கோணல் மாணலான வரி, ‘என்னைச் சரிபார்’ என்று வாசகனை எச்சரிக்கும். கணினி தரும் பட்டியலிலோ பிழையும் மெய்யும் ஒரே அழகில் நிற்கின்றன. இன்று இணையத்திலிருந்து நூற்பதிவுகளை நொடியில் இறக்கித் தம் தொகுப்பில் சேர்த்துக்கொள்வோர் பலர். ஒருவர் செய்த பிழை அப்படியே நூறு ஆய்வேடுகளுக்குப் பரவுகிறது. முனாவீ கண்ட படியெடுப்போரின் திரிபு நம் காலத்திலும் ஒழியவில்லை; அதன் வேகம் மட்டுமே கூடியிருக்கிறது.

நம் மாணவர் மீண்டும் அமர்ந்தார். அறிஞர் ஒவ்வொருவருக்கும் அறியப்பட்ட பெயர் ஒன்றைத் தேர்ந்து, காற்புள்ளி முறையில் ஒரேசீராகப் பதிந்தார். பிப்டெக்கை விடுத்துப் பீபருக்கு மாறினார். மூன்றெழுத்து ‘அஷ்’ஷுக்கும் விதியை நீட்டினார். ஹிஜ்ரீ ஆண்டுக்குப் புலம் அமைத்தார். இவையெல்லாம் இரண்டு நாள்களில் முடிந்தன.

அதன்பின் நாம் அவரிடம் வேறொன்று கேட்டோம். பட்டியலிலுள்ள நூல்களை ஒவ்வொன்றாக நூலகத்தில் எடுத்து, தலைப்புப் பக்கத்தைத் தம் பதிவோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னோம். அதற்கு மூன்று வாரங்கள் ஆயின. ஒரு நூலின் தொகுதி எண் தவறியிருந்தது. மற்றொன்றில் பதிப்பாசிரியர் ஆசிரியராகப் பதியப்பட்டிருந்தார். ஒரு நூலை அவர் கண்ணாலேயே கண்டதில்லை, வேறொருவரின் அடிக்குறிப்பிலிருந்து எடுத்திருந்தார். அம்மூன்றாவது நூலின் முன் அவர் நெடுநேரம் தயங்கினார். இறுதியில், இன்னார் நூல்வழி எடுத்தாளப்பட்டது என்று உண்மையை எழுதினார்.

இத்தகைய சுட்டுக்கும் பிப்லாடெக்கில் வழி உண்டு; ஒரு நூலை மற்றொன்றோடு தொடர்புபடுத்தும் புலம் இருக்கிறது. ஆனால் அப்புலத்தை நிரப்ப வேண்டும் என்னும் எண்ணத்தை எந்த நிரலும் ஊட்டாது. அது எழுதுபவரின் உள்ளத்திலிருந்து வர வேண்டும்.

ஆய்வேட்டின் இறுதிப் படி நம் கைக்கு வந்தபோது முதலில் நூற்பட்டியலைத்தான் திறந்தோம். குவாரிஸ்மீ ஓரிடத்தில், ஒருவராக, தம் நிஸ்பாவின் வரிசையில் நின்றார். அவர் நூல்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக, இரு ஆண்டுக் கணக்குகளுடன் அமைந்திருந்தன. தேடி வருபவர் இனி அவரைக் கண்டுகொள்வார்.